கோதண்டராமனுக்குச் சம்மதமில்லை

என் அக்கா உண்ணாமலையின் வீட்டுக்காரர் கோதண்டராமன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஊரோடு ஒத்துப்போனார் என்று எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் சொல்வார்கள். அது தப்பு. இரண்டு தடவை. முதல் தடவை ஒத்துப்போனதால் வந்த வினையைத் தீர்க்கத்தான் இரண்டாம் தடவை ஒத்துப்போக வேண்டியிருந்தது. இரண்டையும் நான் கூடவே இருந்து பார்த்தவன். ஆளாளுக்குக் கை கால் வைத்துச் சொல்லித் திரிகிறார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா புருஷனை நாங்கள் மாமா என்போம். மாமாவுக்குக் கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை. தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. பெங்களூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பாதையில் வாசல் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரு மேஜையை இழுத்துப் போட்டுச் சுக்குக் காபி, சுண்டல் என்று எதையாவது விற்றார்கள். ஒருவன் வெறும் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தே வீட்டுக்குத் தளம் போட்டான். மாமா மாதம் முழுக்கக் கடையைத் திறந்து வைத்திருந்து, பௌர்ணமி அன்றைக்கு மட்டும் மூடுவார்.

"அன்னைக்கு நான் டீ போட்டாலும் குடிப்பான், கழுநீரைச் சூடு பண்ணிக் கொடுத்தாலும் குடிப்பான். டீ குடிக்கத் தெரிஞ்சவன் மத்த நாள்ல வரட்டும்" என்பார்.

மூடிய கடைக்கு முன்னால் அக்கா தனியாக ஒரு அடுப்பு வைத்து வடை சுட்டு விற்பாள். அதை மாமா தடுத்ததில்லை. பௌர்ணமியில் வியாபாரம் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி அல்ல. எல்லாரும் செய்கிற அன்றைக்குத் தான் செய்யக் கூடாது என்பதுதான் கட்சி. சாமி விஷயத்திலும் அப்படித்தான். அவர் நாத்திகர் இல்லை. மலையைச் சுற்றுவார், ஆனால் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாதையில் நாய்கூட நடமாடாத வெயிலில் சுற்றுவார். அவர் இடப்பக்கமாகச் சுற்றுகிறார் என்று டவுனில் எவனோ கிளப்பிவிட்டான். அதைக் கேட்டு மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வலம் என்றால் வலம்தான், அதை மாற்ற ஊருக்கும் உரிமை இல்லை, தனக்கும் இல்லை என்றார்.

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். டவுனில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு மூட்டை மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார்கள். மாமா மிட்டாய் வாங்கவில்லை.

"கலெக்டர் வேலூர்ல இருந்தப்ப மனு கொடுக்கணும்னா ஒரு நாள் பொழப்பு போகும். அதுக்குப் பயந்தே மனுஷன் பாதிச் சண்டையை வீட்டுலயே முடிச்சுக்கிட்டான். இப்ப பக்கத்துலயே வந்துட்டாரு. இனிமே தொட்டதுக்கெல்லாம் மனு எழுதிக்கிட்டுத் திரியப் போறானுங்க."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. புது மாவட்டத்தில் திங்கட்கிழமை தவறாமல் மனு எழுதிக்கொண்டு போனவர்களில் எங்கள் ஊரைப் பொறுத்தவரை அவர்தான் முதல் ஆள். ஊரே பஸ் நிறுத்தம் கேட்டு மனுக் கொடுத்தால், நிறுத்தம் வேண்டாம் என்று இன்னொரு மனு பின்னாலேயே போகும்.

இதையெல்லாம் கேட்டால் அவரைக் கொள்கைவாதி என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஊர் முகப்பில் சிமெண்டு வளைவு கட்டலாம் என்று ஒரு வருஷம் பேச்சு வந்தது. எல்லாரும் வேண்டும் என்றார்கள். மாமா, வளைவு இல்லாவிட்டால் ஊருக்கு வழி தெரியாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று கூட்டத்தில் மூச்சுப் பிடித்துப் பேசினார். நாலாவது கூட்டத்தில் ஊர் மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தது, வளைவு வேண்டாம், அந்தக் காசில் குழாய் போடலாம் என்று ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள். மாமா எழுந்து, ஒரு ஊர் என்றால் வளைவு வேண்டாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வளைவும் வரவில்லை, குழாயும் வரவில்லை.

நான் டவுனில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வருகிறவர் எதைச் சொன்னாலும் 'ஆமாங்க' என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் மாமாவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சில நாள் கொஞ்சம் பொறாமையும் வரும்.

அவர் பேர் ஊரைத் தாண்டிப் பரவியது நிச்சயதார்த்தங்களில்தான். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தின்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்திரிகையைச் சபையில் உரக்க வாசிப்பார். இன்னார் மகளை இன்னார் மகனுக்கு இன்ன தேதியில் என்று வாசித்து முடித்து, "சபைக்குச் சம்மதமா?" என்று கேட்பார். எல்லாரும் "சம்மதம்" என்போம். தட்டு மாற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவோம். அந்தக் கேள்வியை ஒரு கேள்வி என்று யாரும் நினைத்ததில்லை, மாமாவைத் தவிர.

முதல் தடவை எங்கள் பெரியம்மா காசியம்மாளின் மகள் தனத்தின் நிச்சயத்தில். பலராமன் என்ற பெரியவர்தான் எங்கள் ஊரில் பத்திரிகை வாசிப்பவர். அவர் கேட்டார், எல்லாரும் சம்மதம் என்றோம். சத்தம் அடங்கியதும் மாமா, "எனக்குச் சம்மதமில்லை" என்றார்.

பலராமனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் வயசில் யாரும் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை.

"ஏம்ப்பா?"

"மாப்பிள்ளை வந்ததும் நம்ம வாசல்ல சைக்கிளை நிறுத்திப் பூட்டு போட்டாரு. பொண்ணு கொடுக்கிற வீட்டு வாசல்லயே பூட்டுறவரு நம்மளை என்னன்னு நினைக்கிறாரு?"

மாப்பிள்ளை முகம் செத்துப்போயிற்று. அது ஆபீசில் இரவல் வாங்கிய சைக்கிளாம், அதனால் பூட்டினாராம். கல்யாணம் நடந்தது. தனம் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறாள், புருஷன் தங்கமான மனுஷன். மாமாவிடம் இதைச் சொல்லிக் காட்டினேன்.

"தப்பா இருந்தா இருக்கட்டும். சம்மதமான்னு கேட்டாங்க, சொன்னேன். எல்லாரும் ஆமான்னு சொல்றதுக்குத்தான் கேக்குறாங்கன்னா எதுக்குக் கேக்கணும்? ஒருத்தனாவது இல்லைன்னு சொன்னாத்தான் கேட்டதுக்கே மரியாதை."

அதற்குப் பிறகு அவர் போன நிச்சயத்தில் எல்லாம் ஒரு 'சம்மதமில்லை' விழுந்தது. மாப்பிள்ளை இலையில் சோறு சரியில்லை என்று தள்ளினான், மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அவர் சொன்னது பலிக்கவில்லை. ஒரு தடவை பலித்தது, சோற்றைத் தள்ளினவன் விஷயத்தில். அந்தப் பெண் ஒரு வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். பலிக்காத சமயத்தில் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. பலித்தபோதுதான் ஊருக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது.

வீட்டுக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்திரிகை வாசிக்கிற நேரம் பார்த்து, "அண்ணே, பந்தி நீங்க பார்த்தாத்தான் சரியா இருக்கும்" என்று கையைப் பிடித்துச் சமையல் பக்கம் கூட்டிப்போய்விடுவார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். போவார். அங்கே போய்ச் சாம்பாருக்குச் சம்மதமில்லை என்பார்.

வெளியில் இப்படி என்றால் வீட்டுக்குள் அக்கா வேறு ஒரு பழக்கம் வைத்திருந்தாள். தனக்கு வேண்டியது எதையும் மாமாவிடம் நேராகச் சொல்லமாட்டாள். சொன்னால் அதற்கு எதிராக ஒரு காரணம் கிளம்பும், அத்தோடு அது போச்சு. வாயை மூடிக்கொண்டு அக்கம்பக்கம் பேசுவது அவர் காதில் விழும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஒரே மகள் கீதாஞ்சலி இந்தப் பாடத்தைத் தாயிடம் சின்ன வயசிலேயே கற்றுக்கொண்டாள். பத்தாவது முடித்தபோது அவளுக்குக் கணக்குப் பிரிவில் சேர ஆசை. ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாமா நேராகப் போய்க் கணக்கில் சேர்த்துவிட்டு வந்தார். பன்னிரண்டாவது முடிந்ததும் படித்தது போதும் என்றார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்த்துவிட்டார். அவள் கேட்காமலேயே அவளுக்கு எல்லாம் கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் கேட்டு வாங்கிய பெண்கள் யாருக்கும் இத்தனை கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது போளூர் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் அருண்பிரசாத், அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர். அப்பா சக்கரவர்த்தி, கிணற்றுப் பாசனத்தோடு நிலம் உள்ளவர், நிதானமான மனுஷர். பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பெண் படித்த வரைக்கும் போதும், இனிமேல் வீட்டைப் பார்த்துக்கொண்டால் சரி. சொந்தக்காரர்கள் யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. அரசாங்க மாப்பிள்ளை வீடு தேடி வந்திருக்கிறான் என்று நான் லாட்ஜில் எல்லாரிடமும் சொன்னேன்.

கீதாவுக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம். அவளுக்கு மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது, பிறகு அவளே சொன்னாள். வேண்டாம் என்று அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம் அல்ல, கணக்கு. ஊர் மொத்தமும் ஆமாம் என்கிறது, அதனால் அப்பா இல்லை என்பார். இதில் தானும் வாயைத் திறந்து வேண்டாம் என்றால், அவளே வேண்டாம் என்கிறாளே, ஏன் வேண்டாம் என்று அப்பா கேட்க ஆரம்பிப்பார், அப்புறம் காரியம் கெட்டுவிடும். பேசாமல் இருந்தால் தானாக நடக்கும். நிச்சயத்துக்குத் தேதி குறித்தபோதும் அவள் முகத்தில் கவலை இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். புடவை எடுக்கக் கடைக்கு வந்தாள். பெண்ணுக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது என்று நாங்களாக முடிவு கட்டினோம்.

அக்காவுக்குத்தான் தூக்கம் இல்லை. பெண்ணின் அப்பாவைப் பந்தி பார்க்க அனுப்ப முடியாது. சபையில் முன்வரிசையில் உட்கார வைத்தாக வேண்டும். நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னாள். நான் போனபோது சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது.

"அர்ஜுனா, நீ சாட்சி" என்றாள் என்னிடம். பிறகு மாமாவிடம், "எத்தனையோ பேர் வீட்டுல பேசிட்டீங்க. நம்ம பொண்ணு விஷயத்துலயாவது நாலு பேரு மாதிரி இருங்க."

"நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"இதுல என்ன நல்லா இல்லை?"

மாமா யோசித்தார். "இன்னும் பார்க்கலை" என்றார்.

"பார்க்கவே வேணாம். சபையில சம்மதம்னு சொல்றேன்னு இதை அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

கற்பூரத்தை ஏற்றினாள். எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் செய்கிற சத்தியத்தை யாரும் மீறமாட்டார்கள். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கீதாவுக்கு இஷ்டந்தானா?"

"இஷ்டம் இல்லாம இருந்தா இவ்ளோ நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பாளா? ஒரு வார்த்தை பேசலையே அவ."

பின்வாசலில் கீதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமா எட்டிப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அப்பா எப்படியும் காரியத்தை முடித்துவிடுவார் என்ற நிம்மதியில் சிரித்தாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாலடி நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார்.

நிச்சயத்தன்று வீட்டு முன்னால் பந்தல். போளூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் மாமாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பலராமன் பத்திரிகையை வாசித்தார். வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் பட்டுப் புடவையில் கீதா நின்றிருந்தாள்.

"சபைக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றோம்.

மாமா தொண்டையைச் செருமினார். "எனக்கும் சம்மதம்" என்றார்.

பலராமனுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்னப்பா சொன்ன?"

"சம்மதம்னு சொன்னேன்."

"நெசமாவா?"

மாமா அதை மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. பந்தலில் எவனோ கை தட்டினான், உடனே எல்லாரும் தட்டினோம். போளூர்க்காரர்கள் எதற்குத் தட்டுகிறோம் என்று புரியாமல் தாங்களும் தட்டினார்கள். தட்டு மாற்றினார்கள். ஒருவர் வந்து மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்து, இப்பத்தான் மனுஷனா ஆனீங்க என்றார். மாமாவும் சிரித்தார். ஊரோடு சேர்ந்து இருப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கீதா அங்கே இல்லை.

வேன் கிளம்பிப் போய்ப் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வெளியே வந்தாள். பட்டுப் புடவையைக் கழற்றிவிட்டுப் பழைய சுடிதார் போட்டிருந்தாள். அக்கா, நான், மாமா மூன்று பேரும் இருந்தோம். அவள் மாமாவிடம் மட்டும் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எல்லார் வீட்டுப் பொண்ணுக்கும் சொன்னீங்களேப்பா."

மாமாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று.

"உனக்கு வேணாமா?"

"வேணாம். எனக்குப் படிக்கணும்."

"சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கு வேணும்னு உங்ககிட்ட எதைப்பா சொல்லியிருக்கேன்? சொன்னா அது நடக்காது. இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மைதான். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரியாது. ஆமாம் சாமி போடுகிற ஊரில் மனசில் பட்டதைப் பேசுகிற ஒரே ஆள் தான் என்று நினைத்திருந்த மனுஷர். தன் வீட்டில் தன்னிடம் யாரும் மனசில் பட்டதைச் சொன்னதே இல்லை என்று அந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர்மேல் எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் போளூர் பஸ் ஏறினோம், அவரும் நானும். அக்கா தடுத்துப் பார்த்தாள், அழுதாள், கற்பூரத்தைச் சொன்னாள். "சபையில சம்மதம்னு சொல்றேன்னுதான் சத்தியம் பண்ணேன். சொல்லிட்டேன்" என்றார். ஊரில் ஒரு ஆள்கூட அவர் போவது சரி என்று சொல்லவில்லை. தட்டு மாற்றிய பிறகு முறிப்பது குடும்பத்துக்கே கேடு என்றார்கள். மொத்த ஊரும் எதிராக நிற்கிறது, சாதாரணமாக அவருக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. அன்றைக்கு அவர் யாரிடமும் வாக்குவாதம் பண்ணவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார்.

சக்கரவர்த்தி எங்களை உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொன்னார். மாமா மோரைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார். சக்கரவர்த்தி கத்தவில்லை. கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

"இஷ்டம் இல்லாத பொண்ணைக் கூட்டிட்டு வந்து நாங்க என்ன பண்ணப் போறோம். ஆனா ஒண்ணுங்க. நாளைக்கு என் பையனுக்கு வேற இடம் பார்க்கணும். பையன்கிட்ட என்ன கொறைன்னு கேப்பாங்க. சபையில வாங்கின தட்டை வீட்டுக்குள்ள திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்க ஊர் சபைக்கு வாங்க. கொறை பையன்மேல இல்லை, தப்பு எங்கமேலன்னு சொல்லிட்டுக் கொடுங்க."

கேட்டது நியாயம். மாமா ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் சபை கூடியது. கீதாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். பெண்கள் நின்ற பக்கம் போய் ஓரமாக நின்றாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமா நடுவில் உட்கார்ந்தார். அவர்கள் ஊர்ப் பெரியவர் விசாரித்தார்.

"பையன்கிட்ட ஏதாவது கொறை பார்த்தீங்களா?"

மாமா எதிரில் உட்கார்ந்திருந்த அருண்பிரசாத்தைப் பார்த்தார். எந்த மாப்பிள்ளையிடமும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடக் கூடிய கண் அது.

"இல்லைங்க. தங்கமான பையன்."

"அப்ப தப்பு யார்மேல?"

"என்மேலதான். சபையைக் கேட்டாங்க, சபை சொல்லிச்சு. என்னைக் கேட்டாங்க, நானும் சொன்னேன். என் பொண்ணை நான் கேக்கலைங்க."

பெரியவர் பக்கத்தில் இருந்தவர்களோடு இரண்டு வார்த்தை பேசினார். பிறகு சபையைப் பார்த்தார். "பையன்மேல கொறை இல்லை. தப்பு பொண்ணைப் பெத்தவர்மேல. தட்டைத் திருப்பி வாங்கிக்கலாம். சபைக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றது ஊர்.

"எனக்குச் சம்மதமில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஒல்லியான ஒரு ஆள், தோளில் துண்டோடு எழுந்து நின்றார். கூட்டத்தில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெருமூச்சை நான் பல வருஷம் கேட்டிருக்கிறேன். மாமா கழுத்தைத் திருப்பி அந்த ஆளையே பார்த்தார்.

"பொண்ணை எவன் கேட்டான்?" என்றார் அந்த ஆள். "இங்க உக்காந்திருக்கிறவங்க எத்தனை பேரு பொண்ணைக் கேட்டுட்டுக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தீங்க? நான் கேக்கலை. நீங்களும் கேக்கலை. எல்லாரும் பண்ற தப்பைத் தூக்கி இவர் ஒருத்தர் தலையில கட்டுறீங்களே, இது என்ன நியாயம்? இவராவது வந்து சொன்னாரு."

அந்த ஆள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில்கூடச் சிலர் தலையை ஆட்டினார்கள். மாமா பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சிலேயே அவர் கௌரவமாக எழுந்து வந்திருக்கலாம். நான் அவர் தொடையில் தட்டி, விடுங்க மாமா என்றேன். அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க உக்காருங்க" என்றார் அந்த ஆளிடம். "மத்தவங்க கேக்காம விட்டது வேற. கேட்டா பதில் சொல்லணும்னு ஊர் ஊராப் போய்ச் சண்டை போட்டவன் நான். என் வீட்டுல கேக்க வேண்டியவளை நான் கேக்கலை. அவ என்கிட்ட சொல்லக்கூட முடியாதபடி வச்சிருந்திருக்கேன். எனக்காகப் பேசாதீங்க. ஊர் சொல்றதுதான் சரி. எனக்குச் சம்மதம்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பெண்கள் பக்கம் கீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான ஆள் உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே தனக்கு இன்னும் சம்மதமில்லை என்றார். பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. சக்கரவர்த்தி எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்.

நாங்கள் சாப்பிடவில்லை. பஸ் வரத் தாமதம் ஆயிற்று. நிறுத்தத்தில் இருந்த கடையில் மூன்று டீ வாங்கி வந்தேன். மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கீதாவிடம் கேட்டார்.

"உனக்கு என்ன படிக்கணும்?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அந்தப் பெண் தன் அப்பாவின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

"எம்.எஸ்ஸி. கணக்கு" என்றாள். "வேலூர்ல. ஹாஸ்டல்ல தங்கி."

மாமாவுக்கு வேலூரைப் பற்றி ஒரு கருத்து உண்டு. ஹாஸ்டலைப் பற்றியும் உண்டு. வாயைத் திறந்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சரி" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பஸ் வரும் வரைக்கும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.